‘இதர’வை ஒழித்தவர்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வகையறா. முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பியதும் வகையறா. நகரசபையின் புகார் இணையதளத்தில் ‘புகாரின் வகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் சரசரவென்று ஒரு பட்டியல் கீழே இறங்கும். அந்த டிராப்டவுனுக்கு அவர்தான் பொறுப்பு. தளத்தைக் கட்டியவர் வேறு ஆள். புகாரைத் தீர்ப்பவரும் வேறு ஆள், அப்படி ஒருவர் இருந்தால். பட்டியலில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும், எந்த வரிக்குக் கீழே எந்த வரி வர வேண்டும் என்பது மட்டும் வகையறாவின் ராஜ்ஜியம்.

அவருடைய அப்பா ஆணிக்கடையில் வேலை பார்த்தவர். அரை அங்குலத்துக்கு ஒரு டப்பா, முக்கால் அங்குலத்துக்கு ஒரு டப்பா, தலை தட்டையானதற்குத் தனி, உருண்டையானதற்குத் தனி. பிள்ளை அந்த டப்பாக்களைப் பார்த்தே வளர்ந்தான். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வு எழுதி அரசாங்க வேலைக்கு வந்தான். தேர்வு எழுதியவர்கள் எல்லோரும் கேள்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வெளியே வந்தபோது, அந்த நான்கு விடைகளையும் உட்கார்ந்து யோசித்து எழுதிய மகான் யார் என்று வியந்தவன் அவன் ஒருவன்தான்.

அந்தப் பட்டியல் அவர் கைக்கு வந்தபோது மெலிந்து கிடந்தது. தண்ணீர், விளக்கு, சாலை, குப்பை, கடைசியில் ‘இதர’. மக்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘இதர’வைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வகையறாவுக்கு அது தன் கன்னத்தில் விழுந்த அறையாகப் பட்டது. ஒரு மனிதனின் குறை ‘இதர’ என்றால் அந்த மனிதனுக்கே தன் குறை என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம். தெரிய வைப்பது நகரசபையின் கடமை இல்லையா?

பிரிக்க ஆரம்பித்தார். தெரு விளக்கு எரியவில்லை. தெரு விளக்கு பகலிலும் எரிகிறது. தெரு விளக்கு எரிவதா வேண்டாமா என்று தயங்குகிறது. பள்ளம் – உலர்ந்தது. பள்ளம் – நீர் நிரம்பியது. பள்ளம் – மூடப்பட்டு மறுபடி வாய் திறந்தது. நாற்றம் – தொடர்ச்சியானது. நாற்றம் – விட்டு விட்டு வருவது. நாற்றம் – காற்றின் திசையைப் பொறுத்தது. நாய் – குரைப்பது. இதைப் போட்டுவிட்டு ஒரு வாரம் யோசித்து, நாய் – குரைக்காதது, சந்தேகத்துக்குரியது என்று இன்னொன்றையும் சேர்த்தார். பட்டியல் நீண்டு நீண்டு, ஆள் கீழே இறங்கிக் கடைசி வரியைத் தொடுவதற்குள் அவன் வீட்டுப் பள்ளமே உலர்ந்த வகையிலிருந்து நீர் நிரம்பிய வகைக்கு மாறிவிடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பொறாமை என்று அவர் விட்டுவிட்டார்.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான்.

“தலை வலிக்குதுங்க” என்று மனைவி சொன்னால், “எந்த வகை? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?” என்று கேட்பார்.

“உங்க வகை” என்று அவள் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தங்கை வேலை மாறி அந்த ஊருக்கு வந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். ஏதோ கட்டடங்களைப் பராமரிக்கும் சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலை என்று வகையறா கேட்டதில்லை. தனியார் கம்பெனியில் பெண்கள் டைப் அடிப்பார்கள் என்பது அவருடைய பழைய வகைப்பாடு, அதைத் திருத்த அவசியம் வரவில்லை. அவர் நகரசபையில் என்ன செய்கிறார் என்று மச்சினியும் கேட்டதில்லை. கேட்டால் பதில் நீளும் என்று அக்கா முதல் நாளே எச்சரித்திருந்தாள்.

மச்சினியின் வேலை இதுதான். அவள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் கட்டடங்களிலும் கடைகளிலும் விளக்கு எரியாவிட்டால், சாக்கடை அடைத்தால், நகரசபைத் தளத்தில் புகார் பதிய வேண்டும். முன்பு இரண்டு பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து அந்த நீளப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் போயிற்று. அதைப் பார்த்துத்தான் மச்சினி ஒரு புரோகிராம் எழுதினாள். அது பிரவுசரைத் தானே திறக்கும், தளத்துக்குப் போகும், டிராப்டவுனை இறக்கும், சரியான வரியைப் பிடித்துத் தேர்ந்தெடுக்கும், அனுப்பும், அடுத்ததற்குப் போகும். அந்த இரண்டு பெண்களும் மணிக்கட்டோடு வேறு வேலைக்கு நிம்மதியாகப் போனார்கள்.

ஆக, ஒரே வீட்டில் பட்டியலை நீட்டுகிறவரும் பட்டியலைத் தாண்டுகிறவளும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். இது இருவருக்கும் தெரியாது. மனைவிக்கு மட்டும் தெரியும்.

வகையறாவின் வாழ்க்கையில் வசந்தம் வந்தது அப்போதுதான். மாத அறிக்கையில் ஒரு புகார்தாரர் அவர் கண்ணில் பட்டார். ஒரே கணக்கிலிருந்து நிறையப் புகார்கள், எல்லாவற்றிலும் கச்சிதமான தேர்வு. ‘எரியவில்லை’ என்றால் எரியவில்லை, ‘தயங்குகிறது’ என்றால் தயங்குகிறது. ஒருமுறைகூட ‘இதர’ கிடையாது. இத்தனை வருஷ உழைப்பைப் புரிந்துகொண்ட ஒரு ஜீவன் இந்த ஊரில் இருக்கிறது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கும் என்று நினைத்தார். வெள்ளைச் சட்டை, பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடி, பையில் இரண்டு நிறப் பேனா. அந்த மனிதருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைக் கூப்பிட்டு விலாசம் கேட்டார்.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் ஒப்பந்தத்தில் வந்த மனிதர். எதற்கும் ஆச்சரியப்படும் வயதைத் தாண்டியவர். திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சார், இது ஆள் இல்ல. புரோகிராம்.”

“புரோகிராம்னா?”

“பட்டியலை மனுஷன் மாதிரியே திறந்து மூடற மெஷின் சார். பாருங்க, ஒவ்வொரு புகாருக்கும் நடுவுல ஒரே இடைவெளி. மனுஷன்னா நடுவுல ஒரு டீயாவது குடிப்பான்.”

வகையறா பேனாவை மூடி வைத்தார். ஆசை ஆசையாகப் பழகிய ஆளை நேரில் பார்க்கப் போய், அது கடை வாசலில் நிற்கும் துணிப் பொம்மை என்று தெரிந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு கோபம் வந்தது.

“அது எப்படிச் சரியா எடுக்குது?”

“மூணு வழி இருக்கு சார். எத்தனாவது வரின்னு எண்ணி எடுக்கலாம். இல்ல, வரியில எழுதியிருக்கறதைப் படிச்சு எடுக்கலாம். இல்லன்னா வரிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற குறியீட்டை வச்சு எடுக்கலாம்.”

“அப்ப மொத வழியை மூடுவோம்” என்றார் வகையறா.

அன்றே பட்டியலைத் தலைகீழாக்கினார். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. மச்சினியின் புரோகிராம் அதுவரை வரிகளை எண்ணித்தான் எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அது வழக்கம்போல எண்ணியது. ஒரு துணிக்கடை வாசலில் விளக்கு எரியவில்லை என்ற புகார் ‘இறந்த விலங்கு – பெரியது’ என்று பதிவானது. நகரசபை வண்டியும் கயிறும் கையுறையுமாக இரண்டு பேர் கடை வாசலில் வந்து இறங்கி, “எங்க படுத்திருக்கு?” என்று கேட்டார்கள். அந்த வருஷத்தில் நகரசபை அவ்வளவு சுருக்காக வந்தது அந்த ஒரு புகாருக்குத்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மச்சினி தட்டைத் தள்ளி வைத்தாள்.

“யாரோ ஒரு அரைவேக்காடுக்கா. வேலைவெட்டி இல்லாம பட்டியலைப் புரட்டிப் போட்டிருக்கான். கடைக்காரர் எங்க முதலாளியைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு.”

“எல்லா இடத்துலயும் அப்படி ஒருத்தன் இருப்பான்மா” என்று வகையறா ஆறுதல் சொன்னார். “எங்க ஆஃபீஸ்லயும் ஒரு திருடன் பின்னாடி அலையறேன். மெஷினை வச்சு ஏமாத்தறான்.”

“பிடிச்சிட்டீங்களா அத்தான்?”

“வாலை ஒட்ட நறுக்கிட்டேன்.”

“ரெண்டு பேரும் சாப்பிடுங்க, ஆறிடும்” என்றாள் மனைவி.

மச்சினி எண்ணுவதை விட்டுவிட்டு, வரியில் எழுதியிருப்பதைப் படித்து எடுக்கும்படி புரோகிராமை மாற்றினாள். ‘தெரு விளக்கு’ என்று எங்கே இருந்தாலும் அது தேடிப் பிடித்தது. அறிக்கையில் மறுபடி அந்தக் கச்சிதமான தேர்வுகளைப் பார்த்த வகையறா, இலக்கண நூலைத் தூசி தட்டினார். ‘குடிநீர் குழாய்’ என்று இத்தனை நாள் ஒற்று இல்லாமல் கிடந்தது அவருக்கு உறைத்தது. ‘குடிநீர்க் குழாய்’ ஆக்கினார். ‘தெரு விளக்கு’ ஒட்டிக்கொண்டு ‘தெருவிளக்கு’ ஆயிற்று. ‘கழிவு நீர்’ ‘கழிவுநீர்’ ஆயிற்று. புரோகிராம் எதையும் அடையாளம் தெரியாமல் நடுத்தெருவில் நின்றது.

“ஒரு ‘க்’குக்காக முழு நாளும் போச்சுக்கா” என்றாள் மச்சினி அன்று.

“ஒற்று போட்டவன் மேல தப்பில்லம்மா” என்றார் வகையறா. “போடாம எழுதினவன் மேலதான் தப்பு.”

“நீங்க யார் பக்கம் அத்தான்?”

“தமிழ்ப் பக்கம்.”

காலையில் தான் போட்ட ‘க்’தான் மேஜைக்கு வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரில் ஒற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். மனைவி தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குள் போய், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது வழிக்கு மச்சினி போனாள். குறியீடுகளை அவர் மாற்றினார். அவள் கண்டுபிடித்தாள். அவர் மறுபடி மாற்றினார். கடைசியில் வகையறா கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைக் கூப்பிட்டு, பட்டியலையே எடுத்துவிடச் சொன்னார்.

“எடுத்துட்டு?”

“பட்டியல் மாதிரி தெரியணும். ஆனா பட்டியலா இருக்கக் கூடாது. மவுஸை மேல கொண்டுபோய் நிறுத்தினாத்தான் ஒரு அடுக்கு திறக்கணும். அதுல நிறுத்தினா அடுத்த அடுக்கு. அதுக்குள்ள இன்னொண்ணு. கொஞ்சம் நகர்ந்தா எல்லாம் மூடிக்கணும்.”

“சார், ஃபோன்ல மவுஸே கிடையாது. விரலை மேல நிறுத்தி வைக்க முடியாது, தொட்டாத் தொட்டதுதான். இது ஃபோன்ல திறக்கவே திறக்காது.”

“ஃபோன்ல புகார் குடுக்கறவங்க அவசரக்காரங்க. யோசிச்சுக் குடுக்கறவங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து குடுப்பாங்க.”

“ஊர்ல முக்கால்வாசிப் பேரு ஃபோன்லதான் சார்...”

“அவங்க யோசிக்கப் பழகட்டும்.”

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுச் செய்து கொடுத்தார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அந்த வேகத்தோடு வேகமாக, ‘இதர’ என்ற வரியையும் வகையறா தன் கையாலேயே அழித்தார்.

புகார்கள் நின்றன. ஊர் சொர்க்கமாகிவிட்டது என்று இல்லை. பள்ளங்கள் எல்லா வகையிலும் அப்படியே இருந்தன, நாற்றம் காற்றின் திசையைப் பொறுத்து வீசியது. புகாரைப் பதிய முடியவில்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களும் மூன்றாவது அடுக்கில் கை நடுங்கி, எல்லாம் மூடிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்து, எழுந்து போய்விட்டார்கள். மேலிடத்தில் பார்த்தது எண்ணிக்கையைத்தான். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போன கோடு, வகையறாவின் புதுப் பட்டியல் வந்த மாதத்தில் மாடியிலிருந்து விழுந்த பூந்தொட்டி மாதிரி நேராகக் கீழே இறங்கியிருந்தது. ஆணையருக்கு மகிழ்ச்சி. விழா ஏற்பாடு செய்தார்கள்.

விழாவுக்கு மனைவியும் மச்சினியும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆணையர் மைக்கைப் பிடித்து, மக்களின் குறைகளை வேரோடு களைந்தவர் என்று வகையறாவை மேடைக்கு அழைத்தார். பின்னால் பெரிய திரையில் அந்தப் பட்டியலைப் போட்டுக் காட்டினார்கள். மவுஸ் அம்பு போய் நின்றதும் ஓர் அடுக்கு திறந்தது, அதற்குள் இன்னோர் அடுக்கு, அதற்குள் மூன்றாவது. கூட்டம் கைதட்டியது. வகையறா கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே பார்த்தபோது, மச்சினி பாதி எழுந்த நிலையில், வாய் திறந்தபடி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமை தாங்கவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மச்சினி அக்காவின் கையைப் பிடித்தாள். “அக்கா, இது...”

“ஆமா” என்றாள் அக்கா. “கைதட்டு.”

டாக்ஸியில் திரும்பினார்கள். வகையறா முன் இருக்கையில் கேடயத்தை மடியில் வைத்திருந்தார்.

“அத்தான்” என்றாள் மச்சினி. “அந்த மெஷின் திருடன் நான்தான்.”

அவர் திரும்பினார். கழுத்து மட்டும் திரும்பியது, உடம்பு கேடயத்தோடு முன்னாலேயே இருந்தது. “எந்த மெஷின்?”

“தலைகீழாக் கவுத்தீங்களே. ‘க்’ போட்டீங்களே. அதெல்லாம் எனக்குத்தான் போட்டிருக்கீங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“மொத வாரத்துலயே தெரியும்.”

“ஏன் சொல்லல?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

“சொன்னா என்ன ஆகும்? நீங்க ரெண்டு பேரும் சமாதானமாப் போயிடுவீங்க. அப்புறம் சண்டை போட வீட்டுல நான்தான் மிச்சம்” என்றாள் மனைவி. “இத்தனை மாசம் எனக்கு ஒரு தலைவலி வந்துச்சா, சொல்லுங்க.”

வகையறாவுக்கு மெஷின்கூடப் பெரிதாகப்படவில்லை. தன் மேஜையில், தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, தன் முகத்தைப் பார்த்து அவள் இத்தனை மாதமாக அரைவேக்காடு என்று சொன்னதும், அதற்குத் தானே தலையாட்டியதும்தான் முள்ளாய்க் குத்தியது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேடயத்தை அலமாரியின் மேல்தட்டில், மச்சினி உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே வைத்தார்.

ஆனால் ஒரு விஷயம் அவரை அரித்தது. ஒரு விடுமுறை நாளில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றார்.

“அந்த மூணாவது அடுக்கு... அது உன் புரோகிராமுக்குத் திறக்குமா?”

“மொதல்ல திறக்கல. ரொம்ப நாள் அலைய விட்டீங்க. இப்பத் திறக்கும்.”

“எங்க, போடு பார்ப்போம்.”

அவள் ஓட்டினாள். திரையில் அம்பு தானாகவே நகர்ந்தது. முதல் வரியில் போய்ப் பொறுமையாக நின்றது. அடுக்கு திறக்கும்வரை காத்திருந்தது. உள்ளே போனது, மறுபடி நின்றது, காத்திருந்தது. மூன்றாவது அடுக்கில் கை நடுங்காமல், ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே இறங்கி, அடியில் கிடந்த ‘நாற்றம் – காற்றின் திசையைப் பொறுத்தது’ என்ற வரியைத் தொட்டது. ஊரில் ஒருவரும் அந்த வரி வரை இறங்கியதில்லை. ஆணையர் இறங்கியதில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தட்டச்சு செய்தபோதுகூடப் படிக்கவில்லை என்று அவருக்குச் சந்தேகம் உண்டு.

வகையறாவின் கண் லேசாகக் கலங்கியது.

“இன்னொரு தடவை போடு” என்றார்.

அவள் போட்டாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை. பட்டியலில் ஏதாவது மாற்றம் வருவதாக இருந்தால் முதல் நாள் சாப்பிடும்போதே வகையறா வாயைத் திறந்துவிடுவார். “நாளைக்கு ‘பள்ளத்தை’ மேல தூக்கறேன்மா” என்பார். மச்சினி அன்றே புரோகிராமைச் சரிசெய்துவிடுவாள். ரகசியம் எதையும் தான் வெளியே சொல்லவில்லை, சாப்பாட்டில் மனுஷன் நாலு வார்த்தை பேசுவது குற்றமா என்று மனைவியிடம் அவரே வலிய விளக்கம் கொடுத்தார். அவள் கேட்கவே இல்லை.

மற்ற கம்பெனிகளின் புரோகிராம்கள் அந்தப் பட்டியலில் முட்டி முட்டி நின்றன. மச்சினியின் கம்பெனி மட்டும் தடங்கல் இல்லாமல் புகார் பதிந்தது. சேதி பரவி, தனி வீட்டுக்காரர்களும் அங்கே வர ஆரம்பித்தார்கள். தன் வீட்டுச் சாக்கடை அடைத்திருக்கிறது என்று தன் நகரசபையிடம் சொல்வதற்கு நடுவில் ஓர் ஆளுக்குக் கூலி கொடுப்பது ஊருக்குப் பழகிப்போயிற்று. மச்சினிக்குத் தனி அறை கிடைத்தது. வகையறாவுக்குப் பதவி உயர்வு. இப்போது நகரசபையில் பிறப்பு, இறப்பு, வரி, கட்டட அனுமதி என்று எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் இறங்குவது அவருடைய பட்டியல்தான். வரிப் பிரிவில் இருந்த ‘இதர’வையும் ஒழித்துவிட்டதாகக் கேள்வி.

போன மாதம் அவர் அடுக்குமாடியின் கீழே லிஃப்டுக்காக நின்றபோது, மேல்வீட்டு டிரைவர் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சத்தமாகப் பேசிப் பழகியவர்.

“சார், நீங்க நகரசபைதானே. தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு. இதுல புகார் குடுக்கலாம்னு பார்த்தா, இந்த எழவு பட்டியல் திறக்கவே மாட்டேங்குது. எவன் செஞ்சான்னு தெரியல.”

வகையறா ஃபோனை வாங்கிப் பார்த்தார். தன் பட்டியல், இறுக மூடியபடி, அழகாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மச்சினி கம்பெனியின் விலாச அட்டையை எடுத்து நீட்டினார்.

“இவங்ககிட்டச் சொல்லுங்க. நம்பிக்கையானவங்க.”

டிரைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு இவங்க காசு கேப்பாங்களா?”

“கொஞ்சம்தான்” என்றார் வகையறா. லிஃப்ட் வந்தது. உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு, நினைத்துக்கொண்டவர் போலக் கதவு மூடும் முன் தலையை நீட்டினார். “சுத்தமாவே வரலையா, இல்ல வந்து வந்து நிக்குதா?”

“வரல சார்.”

“அதைத் தெளிவாச் சொல்லிடுங்க. ரெண்டும் வேற வேற.”